பழைய செவ்ரோலெட் பிக்கப் எங்கள் கராஜுக்குள் போகுமா? 10 இன்ச் மிச்சம் போதுமா?

கரூரான் (ராயல் ஓக், மிச்சிகன்), அக்டோபர் 6, இரவு

வணக்கம். சனிக்கிழமைக்குள் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1971 செவ்ரோலெட் சி10 பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்னால் சாமான் ஏற்றும் இடம் நீளத் தொட்டி, அதாவது 8 அடி பெட். 250 கன இன்ச் இன்ஜின், 6 சிலிண்டர். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கிறது. பவர் ஸ்டியரிங் கிடையாது. கடுகு நிறம், கூரை மட்டும் வெள்ளை. விற்பவருக்கு வயது 78. அரிசோனாவில் வெகுநாள் இருந்துவிட்டு, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று போன வருடம்தான் இங்கே வந்திருக்கிறார். வண்டியையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். வண்டி எண்ணில் ஆறாவது எழுத்து F, அதாவது ஃபிளின்ட் தொழிற்சாலை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர தூரத்தில் பிறந்து, பாலைவனத்தில் காய்ந்துவிட்டு, திரும்பி வந்திருக்கிறது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், துரு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இங்கே நவம்பர் முடிவதற்குள் பனி உருகச் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள், அது வண்டியின் அடியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். டெட்ராய்ட்டுக்கு அடியில் சுமார் 1,100 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கமே இருக்கிறது, அப்புறம் கேட்கவா வேண்டும்.

வீட்டில் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று. "உள்ளே நிற்குமென்றால் வாங்குங்கள். டிரைவ்வேயில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிற வேலை வேண்டாம்." நியாயம்தான். எதிர் வீட்டுக்காரர் ஒரு படகை அப்படி ஆறு வருடமாக மூடி வைத்திருக்கிறார்.

எங்கள் வீடு 1954-ல் கட்டியது. கராஜ் தனியாக, வீட்டுக்குப் பின்னால். ஒற்றை வண்டி கராஜ், 12 அடிக்கு 20 அடி. பின்சுவரை ஒட்டி ஒரு ஒர்க்பெஞ்ச், 22 இன்ச் அகலம். விற்பவர் போனில் சொன்ன வண்டி நீளம் 17 அடி 4 இன்ச். 20 அடியில் இரண்டையும் கழித்தால் 10 இன்ச் மிச்சம்.

10 இன்ச் போதுமா? பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெஞ்சை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வீட்டை முதலில் வாங்கியவர் கார் தொழிற்சாலையில் டூல் அண்ட் டை (கருவிகளும் அச்சுகளும் செய்கிற) வேலை பார்த்தவராம். மேப்பிள் பலகை, 2 இன்ச் கனம். அடிப்பக்கம் தலையை நுழைத்துப் பார்த்தால் பென்சிலில் 1957 என்று எழுதியிருக்கும். என் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். போன முறை வந்தபோது அந்தப் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்டை இதுக்காகவே வாங்கியிருக்கலாம்" என்றார்.

---

டல்லாஸ்_தம்பி

அண்ணா, முதலில் வண்டியை வாங்குங்கள். துரு இல்லாத சி10 மிச்சிகனில் இரண்டாவது தடவை கிடைக்காது. கராஜ் சின்னதாக இருந்தால் கராஜைப் பெரிதாக்கிக் கொள்ளலாம் 😄

---

பழையஇரும்பு (ஒஹாயோ)

தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். அவரிடம் மூன்று கார் கராஜ் இருக்கிறது.

என்னிடம் 1968 சி10 இருக்கிறது, பதினோரு வருடமாக. உங்கள் கணக்கில் எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, 20 அடி என்பது யார் சொன்ன அளவு? வீடு வாங்கும்போது கொடுத்த காகிதத்தில் இருப்பதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் வெளி அளவு. உள்ளே மரச்சட்டங்களின் கனம் போகும். மேலே சுருண்டு போகிற கதவு மூடியிருக்கும்போது வாசல் சட்டத்துக்கு உள்பக்கம்தான் நிற்கும், அதன் கனம் போகும். கதவு வளையாமல் இருக்கக் குறுக்கே இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள், அதுவும் போகும். கதவை மூடிவிட்டு, விளக்கைப் போட்டு, உள்ளே நின்று அளந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளக்கிறவர்கள்தான் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்வார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு, விற்பவர் எதிலிருந்து எதுவரை அளந்தார்? நீளத் தொட்டி சி10-க்கு வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சுவரை, 127 இன்ச், குட்டைத் தொட்டி 115. முன் பம்பரிலிருந்து டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) வரை 17 அடி 4 இன்ச் என்பது நீளத் தொட்டிக்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் பம்பர் இருக்கிறதா? அந்தக் காலத்தில் பிக்கப்புக்குப் பின் பம்பர் என்பது காசு கொடுத்துக் கேட்டால்தான் வரும். பல வண்டிகள் அது இல்லாமலே வெளியே வந்தன. அப்புறம் யாராவது டிரெய்லர் இழுக்க, ஏறி நிற்க என்று படி வைத்த இரும்பு பம்பரைப் பூட்டியிருப்பார்கள். அது நன்றாகவே நீட்டிக்கொண்டு நிற்கும்.

டாஷ்போர்டில் இருக்கும் கையுறைப் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்பக்கம் பாருங்கள். ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். வீல்பேஸ், என்னென்ன கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பின் பம்பர் அதில் இல்லையென்றால் அது கம்பெனியிலிருந்து வந்ததில்லை.

கூடவே இன்னொன்று. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால். 1973 மாடலில்தான் வெளியே கொண்டுபோனார்கள். நிரப்பும் குழாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் காய்ந்திருந்தால் கராஜ் முழுக்க நெடி அடிக்கும். உங்களுடையது தனி கராஜ் என்பதால் படுக்கையறைக்கு வராது. ஆனால் உள்ளே சுடருள்ள ஹீட்டர் எதையும் வைத்துவிடாதீர்கள்.

---

கரூரான், அக்டோபர் 7

வேலை முடிந்து நேராக விற்பவர் வீட்டுக்குப் போய், நானே டேப் பிடித்துவிட்டு வந்தேன்.

பழையஇரும்பு சார், உங்கள் வாயில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பின்னால் படி பம்பர் இருக்கிறது. டெயில்கேட்டுக்கு அப்பால் 8 இன்ச். பெரியவர் அதை வண்டியோடு சேர்த்து நினைக்கவே இல்லை. "அது பம்பர்தானே, வண்டி இங்கே முடிகிறது" என்று டெயில்கேட்டைத் தட்டிக் காட்டினார். ஆக மொத்த நீளம் 18 அடி.

கையுறைப் பெட்டிக் காகிதம் பழுப்பேறி, ஓரம் உதிர்ந்து, ஆனால் படிக்கும்படி இருக்கிறது. வீல்பேஸ் 127 என்று தெளிவாக இருக்கிறது. ஹீட்டர், ரேடியோ என்று நாலைந்து வரிகள். பின் பம்பர் பற்றிப் பேச்சே இல்லை. 1980 வாக்கில் குதிரை டிரெய்லர் இழுக்கப் பூட்டியதாக அப்புறம் அவரே ஞாபகப்படுத்திச் சொன்னார்.

இனி கராஜ். கதவை மூடி, விளக்கைப் போட்டு, உள்ளே நின்று அளந்தேன். பின்சுவர்ச் சட்டத்திலிருந்து கதவின் இரும்புப் பட்டை வரை 19 அடி 1 இன்ச். பெஞ்சைக் கழித்தால் 17 அடி 3 இன்ச்.

நேற்று 10 இன்ச் மிச்சம் என்று எழுதியவன் இன்று 9 இன்ச் குறை என்று எழுதுகிறேன். பம்பரைக் கழற்றினாலும் 1 இன்ச் குறை. ஒரே ஒரு இன்ச்! 9 இன்ச் குறை என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடலாம். ஒரு இன்ச்சை எப்படி விடுவது?

அகலம், உயரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசல் 8 அடி அகலம், 7 அடி உயரம். கதவு முழுக்க மேலே போனாலும் கீழ்விளிம்பு 3 இன்ச் தொங்குகிறது. வண்டி 6 அடிக்குக் கொஞ்சம் மேலே, அதனால் உயரத்தில் கவலையில்லை. உடம்பு அகலம் 6 அடி 7 இன்ச். இரண்டு பக்கமும் லாரிக் கண்ணாடி மாதிரி கை நீட்டிய பெரிய கண்ணாடிகள், அதோடு சேர்த்தால் 7 அடி 10 இன்ச்.

---

வரைபலகை (டொராண்டோ)

நான் வீட்டு வரைபடம் போடுகிறவள். வண்டி பற்றி ஒன்றும் தெரியாது, கராஜ் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

உங்கள் கராஜைக் குறை சொல்லாதீர்கள். 1954-க்கு அது தாராளமான கராஜ். 1920-களில் கட்டிய கராஜ்கள் இன்னும் மோசம், ஃபோர்டு மாடல் டி போன்ற குட்டை வண்டிகளை மனதில் வைத்துக் கட்டியவை. உங்கள் பெஞ்ச்காரர் காலத்து 1955 செவ்ரோலெட் பெல் ஏர் கார் 16 அடி 4 இன்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த மாதிரி ஒரு வண்டியை உள்ளே விட்டு, கதவை மூடி, பெஞ்சுக்கு முன்னால் 11 இன்ச் விட்டிருப்பார். வயிற்றை எக்கிக்கொண்டு நின்று வேலை பார்க்கலாம். பெஞ்சை 22 இன்ச்சில் நிறுத்தியது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன், அளந்துதான் போட்டிருக்கிறார்.

உங்கள் கணக்கில் நீளம் மட்டும்தான் இருக்கிறது. வண்டி செங்கல் இல்லை. எந்த உயரத்தில் எவ்வளவு நீட்டுகிறது என்று பார்த்தீர்களா? முன் பம்பர் ஒரு உயரத்தில் முடியும், கிரில், அதாவது முகப்புக் கம்பி வலை, அதற்குப் பின்னால் இருக்கும். பெஞ்சின் அடிப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு? பம்பர் அதற்குக் கீழே இருந்தால் பம்பரைப் பெஞ்சுக்கு அடியில் நுழைத்துவிடலாம்.

அப்புறம் கராஜ் வாசலுக்கு நேராகவா டிரைவ்வே வருகிறது? பழைய வீடுகளில் வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி வந்து, கராஜுக்கு முன்னால் வளையும். நீளமான வண்டி சந்திலிருந்து வளைந்து வாசலுக்கு நேராக நிமிர்வதற்குள் இடம் தீர்ந்துவிடும். உள்ளே இடம் இருந்தும் வாசலில் நுழைய முடியாமல் போன கதைகள் எனக்குத் தெரியும்.

---

கோவை_லேத் (பீளமேடு)

ரிவர்ஸில் விடலாமே சார்? படி பம்பர் தாழ்வாகத்தான் இருக்கும். அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டால் 8 இன்ச் அப்படியே லாபம். கழற்றவே வேண்டாம்.

---

கரூரான்

கோவை_லேத், அருமையான யோசனை என்று துள்ளிக் குதித்தேன், அரை நிமிடம். பம்பர் அடியில் போய்விடும், சரி. ஆனால் தொட்டியின் பின்விளிம்பு பெஞ்சை விட உயரம், அது பெஞ்சு விளிம்பில் இடிக்கும். அங்கிருந்து முன் பம்பர் வரை 17 அடி 4 இன்ச். இருப்பது 17 அடி 3 இன்ச். மறுபடி அதே ஒரு இன்ச்.

வரைபலகை மேடம் சொன்னபடி முன்பக்கம் விட்டால்? பெரியவருக்குப் போன் போட்டு இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். இந்த முறை எங்கிருந்து எங்கே என்று வரி வரியாகச் சொன்னேன். பம்பரின் மேல்விளிம்பு தரையிலிருந்து 24 இன்ச். பம்பர் முகத்திலிருந்து கிரில் வரை 5 இன்ச். என் பெஞ்சின் அடிப்பகுதி 33 இன்ச் உயரம். நுழையும்! கீழ்த்தட்டில் ஒரு பலகையும் பழைய பெயின்ட் டப்பாக்களும் இருக்கின்றன, அவற்றை எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் பெஞ்சிலிருந்து கதவுவரை இருக்கிற 17 அடி 3 இன்ச்சில், கிரிலிலிருந்து டெயில்கேட் வரை 16 அடி 11 இன்ச். படி பம்பரைக் கழற்றினால் 4 இன்ச் மிச்சம். முன்னால் 2, பின்னால் 2.

டிரைவ்வே பற்றி மேடம் கேட்டது வயிற்றைக் கலக்குகிறது. நேராக இல்லை. வீட்டுக்கும் வேலிக்கும் நடுவே 9 அடி. வீட்டுப் பின்மூலையிலிருந்து கராஜ் வாசல் வரை 26 அடி. வாசல் டிரைவ்வேயை விட 3 அடி இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. என் சின்னக் காரை ஒரே ஒடிப்பில் விட்டுவிடுவேன், அதனால் இதை யோசித்ததே இல்லை.

---

பழையஇரும்பு

4 இன்ச் போதும். நான் 5 இன்ச்சில் நிறுத்துகிறேன். ஆனால் அந்த 4 இன்ச்சும் உண்மையிலேயே இருக்க வேண்டும். டேப் நீளமாகப் போகும்போது நடுவில் தொங்கும், கொக்கி நழுவும், போனில் சொல்லும்போது ஒன்று மூன்றாகக் கேட்கும். நீங்கள் மூன்று இடத்தில் அளந்ததைக் கூட்டிக் கழித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் அரை இன்ச் பிசகினாலே என்ன ஆகும் என்று பாருங்கள்.

பம்பரைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கனமாக இருக்கும், தனியாகக் கழற்றாதீர்கள். குளிர்காலம் முழுக்க உள்ளேதானே நிற்கப் போகிறது, ஏப்ரலில் மாட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடிகளின் போல்ட்டைத் தளர்த்தி உள்பக்கம் மடக்குங்கள். ஓட்டும்போது தலையை வெளியே நீட்டித்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

ஸ்டியரிங்: பவர் இல்லாததால் நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை போகும். மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போதே திருப்பிப் பழகுங்கள்.

---

கரூரான், அக்டோபர் 9

இன்று காலை அப்பாவிடம் வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "டேப்பை ஓரமா வெச்சிட்டு ரீப்பரை எடு" என்றார்.

பட்டறையில் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். சேசிஸ் வந்ததும் முக்கியமான அளவுகளுக்கு ரீப்பர் மரத்தில் குச்சி வெட்டி, அதில் கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். எண்ணே கிடையாது. குச்சி போனால் அது போகும். எண்ணை ஒருவர் தப்பாகப் படிக்கலாம், குச்சியைத் தப்பாகப் படிக்க முடியாது என்பார். சின்ன வயதில் அந்தக் குச்சிகளில் ஒன்றை எடுத்து ஸ்டம்ப் அடித்து விளையாடி, செம அடி வாங்கியிருக்கிறேன். ஒரு பஸ்ஸின் ஜன்னல் வரிசை அந்தக் குச்சியில் இருந்தது.

மதியம் கடைக்குப் போய் 10 அடிச் சட்டம் இரண்டு வாங்கி, பெரியவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வண்டியின் பக்கத்தில் தரையில் வைத்து, பம்பர் முகத்திலிருந்து ஒரு தொங்கு குண்டு, டெயில்கேட்டிலிருந்து ஒரு தொங்கு குண்டு விட்டு, இரண்டு சட்டத்தையும் மேலும் கீழுமாகச் சேர்த்து கிளாம்ப் போட்டு, சரியாக அந்த நீளத்துக்கு நிறுத்தினேன். கிரில் வரும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. பெரியவர் வாசற்படியில் காபியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இத்தனை வருடத்தில் இந்த வண்டியை யாரும் இப்படி அளந்ததில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து, கராஜ் கதவை மூடிக்கொண்டு, கீழ்த்தட்டுப் பலகையை எடுத்துவிட்டு, 24 இன்ச் உயரத்தில் குச்சியைப் பிடித்தேன். ஒரு முனை பெஞ்சுக்கு அடியில், சிவப்புக் கோடு பெஞ்சு விளிம்புக்கு 2 இன்ச் இந்தப் பக்கம். மறுமுனைக்கும் கதவுக்கும் நடுவே 2 இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவு. என் மகள் விரல் வைத்துப் பார்த்துச் சொன்னாள், மூன்று விரல்.

வரைபலகை மேடம் எந்த உயரத்தில் எவ்வளவு என்று கேட்டது ஞாபகம் வந்தது. பானெட் வரும் உயரத்துக்குக் குச்சியைத் தூக்கி, சிவப்புக் கோட்டைக் கிரிலாக நினைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் தள்ளினேன்.

டங்.

வைஸ்! பெஞ்சின் நட்டநடுவே பூட்டியிருக்கிற, வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸ், அதன் வாயும் திருகுப்பிடியும் பெஞ்சு விளிம்பைத் தாண்டி 4 இன்ச் வெளியே நிற்கிறது. நான்கு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். பெஞ்சை அளந்த மூன்று தடவையும் டேப்பின் கொக்கியை வைஸுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருக்கிறேன். வண்டியை அப்படியே விட்டிருந்தால், 54 வருடமாக ஒரு நெளிசல் இல்லாத கிரிலின் நடுவில் வைஸ் முத்தம் கொடுத்திருக்கும்.

---

டல்லாஸ்_தம்பி

அண்ணா, குச்சி போட்டோ ப்ளீஸ். "முதலில் வாங்குங்கள்" என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

வரைபலகை

வைஸை எடுக்க வேண்டாம், நகர்த்தினால் போதும். கராஜின் உள் அகலம் எவ்வளவு? வண்டி 79 இன்ச்தான். வண்டியை ஒரு பக்கம் ஒதுக்கி நிறுத்தினால் மறுபக்கம் பெஞ்சின் முனை வண்டியின் பாதையிலேயே வராது.

---

கரூரான்

உள் அகலம் 11 அடி 4 இன்ச். வண்டி போக 57 இன்ச். வலப்பக்கம் 15 இன்ச் விட்டு ஒதுக்கினால் ஓட்டுநர் பக்கம் 42 இன்ச். கதவைத் திறந்து மனிதன் மாதிரி இறங்கலாம், கராஜின் பக்கச்சுவர்க் கதவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வைஸ் பெஞ்சின் இடது முனைக்குப் போகிறது. நான்கு போல்ட். அதில் மூன்று வந்துவிட்டன, நான்காவதைப் பெஞ்ச்காரர் எதை நினைத்து முறுக்கினாரோ தெரியவில்லை.

வளைவுக்கும் ஒரு வழி கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் 2019 செவ்ரோலெட் சில்வராடோ பிக்கப் இருக்கிறது, நாலு கதவு, வீல்பேஸ் சுமார் 147 இன்ச். நம் வண்டியை விட 20 இன்ச் அதிகம். அவரிடம் கெஞ்சி, எங்கள் டிரைவ்வே வழியாகக் கராஜ் வாசல்வரை கொண்டுவரச் சொன்னேன். இரண்டு தடவை முன்னும் பின்னும் ஒடித்தார், மூக்கு வாசலுக்கு நேராக நிமிர்ந்துவிட்டது. அது வந்தால் இது வரும். இறங்கி என் கராஜையும் தன் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதை எந்தக் காலத்திலும் இங்கே நிறுத்த முடியாது என்று சிரித்தார். உண்மைதான், அது 19 அடிக்கு மேல். இந்தத் தெருவில் புது பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வெளியேதான் நிறுத்துகிறார்கள்.

இன்று மாலை பெரியவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

---

பழையஇரும்பு

வாழ்த்துகள். இரண்டு சின்ன வேலை பாக்கி. முன்சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் ஒரு கட்டை அடியுங்கள். கூரைச் சட்டத்திலிருந்து கயிற்றில் டென்னிஸ் பந்து தொங்கவிட்டு, அது வண்டியின் முன் கண்ணாடியில் படும்போது நிறுத்துவதுதான் இங்கே எல்லாரும் செய்வது. 2 இன்ச்சுக்குப் பந்து போதாது, கட்டையும் வேண்டும். பழைய கராஜ் தரை தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரிந்திருக்கும், வண்டி தானாகப் பின்னால் உருளப் பார்க்கும். கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். உங்கள் டெயில்கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே மூன்று விரல்தான் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

---

கரூரான், அக்டோபர் 19

நேற்று மதியம் வண்டி உள்ளே போய்விட்டது.

மூன்று ஒடிப்பு. கண்ணாடி இரண்டையும் மடக்கிவிட்டு, மகள் கராஜுக்குள் நின்று கை காட்ட, மனைவி வேலிப் பக்கம் நின்று "போதும், போதும்" என்று சொல்ல, நான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு விட்டேன். பம்பர் பெஞ்சுக்கு அடியில் போகும்போது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்த்தேன், அப்புறம் திரும்ப ஏறினேன். சக்கரம் கட்டையில் தட்டியது. கிரிலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே இரண்டு இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு. வைஸ் இடது மூலையில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. நான்காவது போல்ட்டை வெட்டித்தான் எடுத்தேன், அதற்காக அப்பாவிடம் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கதவை மோட்டார் ஓப்பனரில் மூடப் பயமாக இருந்தது. கையாலேயே மெதுவாக இறக்கினேன். டெயில்கேட்டைத் தொடாமல் தரையில் உட்கார்ந்தது.

பெட்ரோல் நெடி கொஞ்சம் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் அந்த ரப்பர் காய்ந்துதான் இருந்தது, புதிது சொல்லியிருக்கிறேன்.

கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கழற்றிய படி பம்பர் கீழே பேஸ்மென்ட்டில், அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவே சாய்த்து வைத்திருக்கிறேன். தார்ப்பாய் கூடாது என்பதுதான் நிபந்தனை, பம்பர் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மனைவி இன்னும் கீழே போய்ப் பார்க்கவும் இல்லை.